ஊசி குத்தினால் ஒளிக்க வேண்டாம்

யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவபீடம் 1978இல் ஆரம்பிக்கப்பட்டது. யுத்தத்தில் தகப்பனை இழந்த வீடுகளிலிருந்தும் பிள்ளைகள் அங்கே போய்ப் படித்து வைத்தியர்களாகியிருக்கிறார்கள். தாய்மாருக்கு இதைவிட வேறென்ன பெருமை!

விடுதிகளில் நோயாளர்களிடம் குருதி எடுக்கவும் காயத்துக்குத் தையல் போடவும் பழகும் காலத்தில் கை நடுங்கும். சில வேளை ஊசி தன் விரலிலேயே குத்திவிடும்; குருதி கண்ணில் தெறிக்கும். பல பிள்ளைகள் இதை வெளியே சொல்வதில்லை. ஏச்சு விழும் என்ற பயம். இரத்தப் பரிசோதனை செய்தது ஊருக்குத் தெரிந்தால் கலியாணப் பேச்சுக் குழம்பும் என்ற பயம் வேறு.

குத்திய இடத்தை உடனே சவர்க்காரம் போட்டு, ஓடும் நீரில் கழுவ வேண்டும். பிதுக்கவோ வாயில் வைத்து உறிஞ்சவோ கூடாது. கண்ணென்றால் சுத்தமான நீரால் நன்றாக அலச வேண்டும். பிறகு தாமதமின்றி விடுதி வைத்தியருக்கோ பொறுப்புத் தாதிக்கோ அறிவிக்க வேண்டும். எந்த நோயாளியின் குருதி என்பதையும் சொன்னால் அவரையும் பரிசோதிக்கலாம்.

எச்.ஐ.வி. உள்ளவரின் குருதி பட்ட ஊசி குத்தினால் தொற்றும் வாய்ப்பு ஏறத்தாழ 300இல் 1 தான். அதற்கும் தடுப்புக் குளிசைகள் உண்டு. சில மணி நேரத்துக்குள், பிந்தினாலும் 72 மணி நேரத்துக்குள் தொடங்கி, 28 நாட்கள் எடுக்க வேண்டும். ஒளித்து வைக்கும் பிள்ளை இழப்பது இந்த நேரத்தைத்தான்.

ஈரலைத் தாக்கும் 'ஹெபடைடிஸ் பி' கிருமியோ, தடுப்பூசி போடாதவர்களில் 100க்கு 6 முதல் 30 பேர் வரை தொற்றக்கூடியது. நாமோ எய்ட்ஸுக்குப் பயப்படுகிறோம். செங்கமாரி என்றால் கீழ்க்காய்நெல்லி அரைத்துக் குடித்தால் போதும் என்றிருக்கிறோம். இலங்கையில் குழந்தைகளுக்கு இத்தடுப்பூசி 2003 முதல்தான் கட்டம் கட்டமாக வந்தது. ஆகவே மகள் விடுதிப் பயிற்சிக்குப் போகுமுன் மூன்று ஊசியும் போட்டாயிற்றா, அது பலித்ததா என்று குருதியில் பார்த்தாயிற்றா எனக் கேளுங்கள். 'ஹெபடைடிஸ் சி'க்குத் தடுப்பூசி இல்லை. ஆனால் தொடர் பரிசோதனையில் நேரத்தோடு கண்டுபிடித்தால் குளிசைகளால் குணமாக்கலாம்.

ஷெல்லடியில் காயப்பட்டவர்களை வெறுங்கையால் தூக்கிய பெண்கள் நம்மிடையே பலர். புண்ணில்லாத தோலில் குருதி பட்டதால் இக்கிருமிகள் தொற்றுவதில்லை என்பதை அவர்களும் அறிவது நல்லது.

தொடர் பரிசோதனைகள் முடிய மாதக்கணக்காகும். அதுவரை மகள் வழமைபோல வீட்டில் எல்லோருடனும் இருந்து சாப்பிடலாம். கோப்பையை வேறாக வைக்கத் தேவையில்லை.