ஓரத்து வட்டத்தில் ஒரு முகம்

சினிமாக் கொட்டகை வாசலில் பாட்டுப் புத்தகம் விற்ற காலம் நம்மில் சிலருக்கு நினைவிருக்கும். மற்றவர்கள் அப்பா சொல்லிக் கேட்டிருப்போம். அட்டையில் கதாநாயகனும் நாயகியும். உள்ளே கதைச் சுருக்கம், அதைப் பாதியில் நிறுத்தி ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’. பிறகு பாட்டு வரிகள். மெட்டு மட்டும் இருக்காது. அது நம் காதில் இருந்தது. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கக் கடைகளில் மெட்டையே தாளில் அச்சடித்து விற்றார்கள். அதற்கு ஷீட் மியூசிக் என்று பெயர். நாம் பாட்டுத் தாள் என்று வைத்துக்கொள்வோம்.

பெரிய தாள் ஒன்றை இரண்டாக மடித்தால் நாலு பக்கம் வரும். முன்பக்கம் முழுக்கப் படம். உள்ளே வரிகளும், பியானோவில் வாசிப்பதற்கான ஸ்வரக் குறிப்பும். பின்பக்கத்தில் அதே கம்பெனி வெளியிட்ட வேறு பாட்டுகளின் முதல் சில அடிகள், ஸ்வரத்தோடு. அல்வாக் கடையில் கையில் வைத்துத் தரும் விள்ளல் மாதிரி.

இதையெல்லாம் சங்கீத வித்வான்கள் வாங்கினார்களா என்றால், இல்லை. வாங்கியவை வீடுகள். 1909-ல் மட்டும் அமெரிக்காவில் மூன்றரை லட்சத்துக்கும் அதிகமான பியானோக்கள் தயாராயின. வானொலி இன்னும் வரவில்லை. வீட்டில் பாட்டு கேட்க வேண்டுமானால் வீட்டில் யாராவது வாசிக்க வேண்டும். பெரும்பாலும் மகள்தான் வாசித்தாள். சார்லஸ் கே. ஹாரிஸ் 1892-ல் வெளியிட்ட ‘ஆஃப்டர் தி பால்’ லட்சக்கணக்கில் விற்றது இப்படித்தான். வேடிக்கை என்னவென்றால், ஹாரிஸுக்கு ஸ்வரம் எழுதத் தெரியாது. அவர் பாடிக் காட்ட, இன்னொருவர் எழுதினார்.

இனி அட்டைக்கு வருவோம். படங்கள் அச்சான முறை கல்லச்சு. எண்ணெய்ப் பசையுள்ள மையால் கல்லில் வரைந்து, கல்லை நனைத்தால், கோடு இருக்கும் இடத்தில் தண்ணீர் ஒட்டாது. அச்சு மை அங்கே மட்டும் ஒட்டும். அதைக் கண்டுபிடித்த ஜெர்மானியர் செனஃபெல்டர், அவசரத்துக்குச் சலவைத் துணிக் கணக்கைக் கல்லில் எழுதி வைத்ததில் தொடங்கியது என்பார்கள். அவர் தொடக்கத்திலேயே அச்சடித்தவற்றுள் ஸ்வரத் தாள்களும் உண்டு. கல்லுக்குப் பதில் துத்தநாகத் தகடு வந்த பிறகும் கணக்கு மாறவில்லை: நிறத்துக்கு ஒரு தகடு, தகட்டுக்கு ஒரு செலவு. அதனால்தான் பழைய அட்டைகள் பல, இரண்டு மூன்று நிறங்களிலேயே நின்றுவிடுகின்றன. ஈ. டி. பால் என்ற பதிப்பாளர் மட்டும் ஐந்து நிறங்களில் தேர்ப்பந்தயமும் தீப்பிழம்புமாக அடித்துத் தள்ளினார். எனக்கு அவை கொஞ்சம் திகட்டும். இங்கிலாந்திலிருந்து வந்த ஸ்டார்மர் சகோதரர்கள் இரண்டு நிறத்தை வைத்துக்கொண்டு காட்டிய சாமர்த்தியம் அதைவிடப் பெரிது.

அட்டையின் ஓரத்தில் ஒரு வட்டம், அதற்குள் ஒரு புகைப்படம். எல்லோரும் தவறுவது இங்கேதான். அந்த முகத்தைப் பாட்டைக் கட்டியவர் முகம் என்று நினைக்கிறோம், அல்லது முதன்முதலில் பாடியவர் முகம் என்று. பெரும்பாலும் இரண்டும் இல்லை. அது விளம்பரக் கூலி.

எப்படி என்று பார்ப்போம். அன்று பாட்டைப் பரப்பியது வாடவில் மேடை. பாட்டு, ஆட்டம், கோமாளி, ஜாலவித்தை எல்லாம் ஒரே டிக்கெட்டில். அங்கே பாடும் ஒருவர் ஊர் ஊராகப் போய் ஒரு பாட்டைப் பாடினால், மறுநாள் அந்த ஊர்க் கடையில் தாள் விற்கும். ஆகவே பதிப்பாளர்கள் பாடகர்களைத் தாஜா செய்தார்கள். ‘ஆஃப்டர் தி பால்’ பாட்டை ஒரு நாடகத்தில் நுழைக்க, பாடகர் லிபிக்கு ஹாரிஸ் 500 டாலரும் விற்பனையில் பங்கும் கொடுத்ததாகச் சொல்வார்கள். அவ்வளவு கொடுக்க முடியாதபோது அட்டையில் படம் போட்டார்கள். நம்மூர் கல்யாண போஸ்டரில் வட்டத்துக்குள் உறவினர் முகங்களைப் போடுகிறோமே, அதே மனக்கணக்கு.

இப்போது அச்சகத்துக்குள் எட்டிப் பாருங்கள். ஓவியம் அப்படியே இருக்கும். வட்டத்துக்குள் மட்டும் படத்தை மாற்றுவார்கள். ஒரே பாட்டு, ஒரே ஓவியம், வெவ்வேறு முகங்கள். சேகரிப்பவர்கள் ஒரே பாட்டுக்கு ஐந்தாறு தாள் வைத்திருப்பது பைத்தியக்காரத்தனம் அல்ல. பாட்டு யார் யார் வாயில் பயணம் போனது என்பதற்கு அவர்களிடம் இருக்கும் சாட்சி அது.

முகமே கிடைக்காதவர்களும் உண்டு. 1890-களிலிருந்து கறுப்பின மக்களைக் கேலி செய்யும் பாட்டுகள் சந்தையை நிறைத்தன. தடித்த உதடும் பிதுங்கிய விழியுமாக அட்டைகள். அவற்றை அழகுப் பொருளாக மட்டும் பார்ப்பது நேர்மையில்லை. கறுப்பினக் கலைஞர் ஸ்காட் ஜாப்ளினின் ‘மேப்பிள் லீஃப் ராக்’ 1899-ல் வந்தபோதுகூட, முதல் அட்டையில் கேலிச்சித்திரச் சாயலில் கறுப்பின ஜோடிகள் ஆடினார்கள். பிரதிக்கு ஒரு சென்ட் என்று ஜாப்ளினுக்கு உரிமைத்தொகை பேசியிருந்தார்கள். அன்று அதுவே அபூர்வம்.

முதல் உலகப் போரில் காகிதத்தை மிச்சம் பிடிக்கத் தாளின் அளவு சுருங்கியது. பிறகு வானொலி வந்தது, பியானோ மூடியது.

பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் லீவி தொகுப்பில் இப்படிப்பட்ட தாள்கள் சுமார் 29,000 இருக்கின்றன. பெரும்பகுதியை இணையத்தில் பார்க்கலாம், கட்டணம் கிடையாது. திறந்ததும் முதலில் ஓரத்து வட்டத்தைத் தேடுங்கள்.