சக்கர வீட்டுக்கு இடம் பார்ப்பது

அடுப்பு, கட்டில், குளியலறை, ஐஸ் பெட்டி சகிதம் வீட்டையே வண்டியில் ஏற்றிக்கொண்டு காட்டுக்குப் போனால் எப்படி இருக்கும்? அமெரிக்கக் குடும்பங்கள் பல, விடுமுறையில் தேசியப் பூங்காக்களுக்கு இப்படித்தான் கிளம்புகின்றன. மின்சாரத்துக்கு வண்டியிலேயே ஜெனரேட்டர் உண்டு. ஆனால் அதை இஷ்டப்படி ஓட்டிவிட முடியாது!

யோஸெமிட்டியில் காலை 7 முதல் 9, பகல் 12 முதல் 2, மாலை 5 முதல் 7, அவ்வளவுதான் அனுமதி. டெத் வாலியிலோ இன்னும் வேடிக்கை. சன்ஸெட் முகாமில் காலை 7 முதல் இரவு 7 வரை ஓட்டலாம். பக்கத்திலேயே இருக்கும் டெக்ஸஸ் ஸ்பிரிங்ஸ் முகாமில் ஜெனரேட்டர் மூச்சே விடக்கூடாது. காட்டின் அமைதியை நாடி வருகிறவர்களுக்கு அது சொர்க்கம்.

ஆனால், தாத்தாவுக்குத் தூக்கத்தில் மூச்சுத் தடைப்படுகிறது, முகத்தில் கவசம் மாட்டும் காற்றுக் கருவி இரவெல்லாம் ஓடியாக வேண்டும் என்றால்? அங்கேதான் சிக்கல். அனுமதி நேரத்தில் பாட்டரியை நிரப்பி வைத்துக்கொள்ள வேண்டும். இரவில் திருட்டுத்தனமாக ஜெனரேட்டரை ஓட்டிவிட்டு உறங்குவது மகா ஆபத்து. அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறங்குகிறவர் உறங்கியபடியே போய்விடுவார்.

பாட்டரியை நம்ப மனமில்லையா? கிராண்ட் கான்யனில் டிரெய்லர் வில்லேஜ், யெல்லோஸ்டோனில் ஃபிஷிங் பிரிட்ஜ் இரண்டிலும் வண்டி நிற்குமிடத்திலேயே மின் இணைப்பு உண்டு. பல மாதம் முன்பே இடம் பிடித்துவிடுங்கள். ஃபிஷிங் பிரிட்ஜில் துணிக் கூடாரத்துக்கு மட்டும் அனுமதியில்லை. கரடிகள் உலாவும் பேட்டை அது!