நீர்வழிப் புரதங்களின் திறப்பும் அடைப்பும்: ஒரு விளக்கம்

முன்னுரை

உயிரணுவைச் சூழ்ந்துள்ள படலம் பெரும்பாலும் கொழுப்பால் ஆனது. கொழுப்பும் நீரும் ஒன்றோடொன்று கலவா. ஆயினும் உயிரணுக்களுள் நீர் இடையறாது சென்று வருகின்றது. நீர் அப்படலத்தினூடே மெல்லக் கசிகின்றது என்று நெடுங்காலம் கருதப்பட்டது. எனினும், சிவப்பணுக்களிலும் சிறுநீரகக் குழல்களிலும் நீர் கடக்கும் வேகத்தை அக்கருத்தால் விளக்க இயலவில்லை. அவ்வேகத்திற்குக் காரணமான அக்குவாபோரின் எனும் நீர்வழிப் புரதங்கள் எவ்வாறு கட்டுப்படுத்தப்படுகின்றன என்பதை இக்கட்டுரையில் நாம் காண்போம்.

கண்டுபிடிப்பும் அமைப்பும்

அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பீட்டர் ஆக்ரே குழுவினர், சிவப்பணுப் படலத்தில் தாம் கண்ட ஒரு புரதத்தை ஆராய்ந்து 1992ஆம் ஆண்டு முடிவுகளை வெளியிட்டனர். அப்புரதத்தை உருவாக்கும் மரபுச் செய்தியைத் தவளையின் முதிரா முட்டைகளில் செலுத்தி, உப்புச் செறிவு குறைந்த நீரில் இட்டபோது அவை சில நிமிடங்களில் பருத்து வெடித்தன. செலுத்தப்படாத முட்டைகளோ பெரிதும் மாறவில்லை. இக்கண்டுபிடிப்புக்காக ஆக்ரே 2003ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசை ரோடெரிக் மெக்கின்னனுடன் பகிர்ந்துகொண்டார்.

மனித உடலில் இவ்வகைப் புரதங்கள் 13 உள்ளன. நீர்வழியின் மிகக் குறுகிய பகுதி ஏறத்தாழ 0.3 நேனோமீட்டர் அகலமே உடையது. எனவே நீர் மூலக்கூறுகள் ஒன்றன்பின் ஒன்றாகவே செல்ல இயலும். அவ்வாறிருந்தும் ஒரு வழியினூடே நொடிக்கு ஏறத்தாழ 300 கோடி மூலக்கூறுகள் கடக்கின்றன. வழியின் உட்சுவரில் உள்ள நேர்மின்னூட்டம், நேர்மின் அயனிகள் நுழையாவண்ணம் தடுக்கின்றது.

தாவரத்தில் அடைப்பு

பசலைக்கீரை இலையின் நீர்வழிப் புரதத்தைப் பற்றிய ஓர் ஆய்வு 2006ஆம் ஆண்டு வெளிவந்தது. அப்புரதத்தின் உட்புறத்தில் வளைந்த ஓர் அமினோ அமிலத் தொடர் அமைந்துள்ளது. வறட்சியின்போது புரதத்தில் ஒட்டியிருக்கும் பாஸ்பேட்டுகள் நீங்குகின்றன. உடனே அவ்வளைவு வாயிலின்மீது மடிந்து வழியை அடைத்துவிடுகின்றது. பாஸ்பேட்டு மீண்டும் ஒட்டும்போது வளைவு விலகி வழி திறக்கின்றது.

வெள்ளத்தின்போது நிகழ்வது வேறு. வேர்களுக்கு உயிர்வளி கிடைக்காமையால் உயிரணுவின் உட்பகுதி அமிலத்தன்மை அடைகின்றது. வளைவில் உள்ள ஹிஸ்டிடின் எனும் அமினோ அமிலம் ஒரு புரோட்டானை ஏற்க, வாயில் மூடுகின்றது. வேர் நீரை உறிஞ்சும் ஆற்றல் இதனால் குன்றுகின்றது. நீர் தேங்கிய நிலத்தில் நிற்கும் செடி வாடுவதற்கான காரணங்களுள் இதுவும் ஒன்றாகும்.

சிறுநீரகத்தில் இடமாற்றம்

நம் சிறுநீரகங்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீர்மத்தை வடிகட்டுகின்றன. அதில் ஒன்று அல்லது இரண்டு லிட்டரே சிறுநீராக வெளியேறுகின்றது. இறுதிக்கட்ட நீர் மீட்பைச் சேகரிப்புக் குழலில் உள்ள இரண்டாம் அக்குவாபோரின் செய்கின்றது. இங்கு முதன்மையான கட்டுப்பாடு வாயிலை மூடுவதன்று. நீர்வழிகள் உயிரணுவினுள் சிறு பைகளில் காத்திருக்கின்றன. உடலில் நீர் குறையும்போது சுரக்கும் வாசோபிரசின், அப்பைகளைப் படலத்திற்கு நகரச் செய்கின்றது. நீர்ச்சமநிலை மீண்டதும் நீர்வழிகள் உள்ளே திரும்புகின்றன.

மரபுக் குறையாலோ நீண்டகால லித்தியம் மருந்தாலோ இவ்வேற்பாடு சீர்குலைந்தால், நோயாளி நாள்தோறும் பல லிட்டர் சிறுநீர் கழிக்க நேரிடும். தாகத்தைச் சொல்ல இயலாத கைக்குழந்தைகளுக்கு இந்நிலை உயிருக்கே ஊறு விளைவிக்கலாம்.

முடிவுரை

தமிழில் இப்புரதத்தைக் ‘கால்வாய்’ எனப் பெயர்ப்பதுண்டு. கால்வாய் நீரைக் கொண்டுசெல்லும். நீரைக் கட்டுப்படுத்துவது மதகே. தாவரத்தின் நீர்வழியை மதகு எனலாம். சிறுநீரகத்திலோ மதகின் கதவு அசைவதில்லை. மதகே கொணர்ந்து பொருத்தப்பட்டுப் பின்னர் அகற்றப்படுகின்றது. ‘திறத்தல்’ என்னும் ஒரே சொல்லால் இரண்டையும் குறிப்பின் இவ்வேறுபாடு மறைந்துவிடும். படலத்திற்கு வந்துசேராத நீர்வழியைத் திறக்க முயலும் மருந்தால் நோயாளிக்குப் பயனில்லை. எனவே கலைச்சொல்லைத் தெரிவு செய்யுமுன் செயல்முறையை அறிந்துகொள்ளுதல் இன்றியமையாதது எனலாம்.