சக்கரங்களின் மேல் சிற்பம் – 7: டூரின் பட்டறைகள்

ஜெனரல் மோட்டார்ஸ் ஸ்தாபனத்தில் 1927 ஆம் ஆண்டு கலைக்கும் வண்ணத்துக்கும் என்று தனிப் பிரிவு ஒன்றை ஏற்படுத்தி, மோட்டார் வண்டியின் அழகைத் தொழிற்சாலையின் வரவு செலவுக்குள் கொண்டுவந்த ஹார்லி ஏர்ல் என்பவரையும், அவருடைய ஆட்சியில் காடிலாக் வண்டிகளின் வாலில் முளைத்து 1959 இல் உச்சத்தை எட்டிய துடுப்புகளையும் சென்ற வாரம் பார்த்தோம். அதே காலத்தில், ஆல்ப்ஸ் மலையடிவாரத்திலுள்ள இத்தாலியின் டூரின் நகரத்தில், அந்த ஆடம்பரத்துக்கு நேர் எதிரான ஒரு மார்க்கம் வளர்ந்துகொண்டிருந்தது. இன்றைய வண்டிகளைப் பார்த்து, "அழகு போய்விட்டதே!" என்று ஏங்குகிறவர்களில் நானும் ஒருவன், ஆனால் போனது இன்னதென்று சொல்ல வேண்டுமானால், அந்த ஊர்ப் பட்டறைகளுக்குள் ஒருமுறை நுழைந்து பார்த்தாக வேண்டும்.

டூரினில் பாட்டிஸ்டா ஃபரினா என்று ஒரு கைவினைஞர் இருந்தார். வீட்டார் செல்லமாகப் பினின் என்று அழைப்பார்கள். 1961 இல் அந்தச் செல்லப் பெயரும் சட்டப்படியே குடும்பப் பெயரோடு சேர்ந்து பினின்ஃபரினா என்று ஆயிற்று. யுத்தம் முடிந்த மறு வருஷம் பாரிஸில் மோட்டார்க் கண்காட்சி மீண்டும் கூடியபோது, தோற்ற தேசத்தாராகிய இத்தாலியருக்கு அங்கே இடம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். பினின் அதைக் கேட்டு வீட்டில் உட்கார்ந்துவிடவில்லை. தம் பட்டறையில் உடல் கட்டிய ஓர் ஆல்ஃபா ரோமியோவையும் ஒரு லான்சியாவையும் தாமும் தம் குமாரர் செர்ஜியோவுமாக ஓட்டிக்கொண்டு போய், கழுவித் துடைத்து, கண்காட்சி நடந்த கிராண்ட் பாலே மாளிகையின் வாசலுக்கு எதிரே நிறுத்திவிட்டார். உள்ளே போக வந்த ஜனங்கள் வாசலிலேயே நின்றார்கள்.

1947 இல் அவர் கையிலிருந்து வந்ததுதான் சிசிடாலியா 202. அதற்குள் இருந்த எஞ்சின், ஃபியட் 1100 என்னும் சாமானிய வண்டியினுடையதை ஆதாரமாகக் கொண்ட, 1,089 சி.சி. அளவுள்ள சிறு யந்திரம். அதில் பிரமிக்க ஒன்றுமில்லை. பிரமிப்பெல்லாம் உடலில் இருந்தது. அதற்கு முன் மோட்டார் வண்டியென்றால் பெரும்பாலும் பானெட் ஒரு பெட்டி, மட்கார்டுகள் தனித்தனி நாலு இறக்கைகள், விளக்குகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு கிண்ணங்கள் என்று அங்கங்களைக் கூட்டிச் சேர்த்த ஒரு தொகுப்பாகவே இருந்தது. பினின் பானெட்டை மட்கார்டுகளின் மட்டத்துக்குக் கீழே இறக்கி, விளக்குகளை மட்கார்டின் நுனியிலேயே பதித்து, முகத்தில் நீள்வட்டமாக ஒரு ஜாலியை மட்டும் வைத்து, மூக்கிலிருந்து வால் வரையில் தகடு இடையறாமல் வழிந்து வந்ததாகத் தோன்றும்படி செய்துவிட்டார். பக்கவாட்டில் கண்ணை நிறுத்துவதற்கென்று வலிந்து வைத்த அலங்காரம் எதுவும் கிடையாது. வெளிச்சம் விழுந்து நகர்வதே போதுமான அலங்காரம் என்று விட்டிருக்கிறார்.

நம் ஊர்களில் டிங்கரிங் என்று சொல்கிறோமே, கிட்டத்தட்ட அதே வேலைதான் அங்கே சிற்பமாக உயர்ந்தது. மரத்தால் வண்டியின் உருவத்தைச் செய்து வைத்துக்கொண்டு, அலுமினியத் தகட்டை மணல் மூட்டையின் மேல் போட்டுச் சுத்தியலால் தட்டித் தட்டிக் குழைத்து, அந்த மர உருவத்தோடு பொருத்திப் பொருத்திப் பார்ப்பார்கள். பட்டறைக்காரனுக்கு அளவுகோலைவிட உள்ளங்கையின் மேல் நம்பிக்கை அதிகம். தடவிப் பார்த்தால் கண்ணுக்குத் தெரியாத மேடும் பள்ளமும் கைக்குத் தெரிந்துவிடும். காரணமில்லாமல் ஒரு மடிப்பை வைக்க அவனுக்கு மனம் வராது. ஒவ்வொரு மடிப்புக்கும் அவன் உடம்பு உழைத்தாக வேண்டும் அல்லவா!

1951 இல் நியூயார்க் நவீனக் கலை மியூசியம் 8 மோட்டார் வண்டிகளைக் கலைப் பொருள்களாகக் கண்காட்சியில் வைத்தபோது சிசிடாலியாவும் அவற்றில் ஒன்று. யுத்தகளத்து ஜீப்பையும் அந்த எட்டில் சேர்த்திருந்தார்கள் என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். வேலைக்காக மட்டுமே பிறந்த ஒரு வண்டிக்கும் சௌந்தரியம் உண்டு என்று ஒப்புக்கொண்ட காலம் அது.

அழகு போனதற்குச் சட்டங்களே காரணம் என்று சொல்கிறவர்கள் உண்டு. அவர்கள் வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. ஜாகுவார் ஸ்தாபனம் 1961 மார்ச்சில் ஜெனீவாவில் காட்டிய ஈ-டைப் வண்டியை எடுத்துக்கொள்வோம். அதன் வடிவத்தை வகுத்த மால்கம் சேயர், பிரிஸ்டல் விமானக் கம்பெனியில் பழகியவர். காற்று எப்படி வழுக்கிச் செல்லும் என்பதைக் கணிதத்தால் கண்டு கோடு இழுத்தவர். நீண்ட மூக்கின் இரு பக்கத்திலும் விளக்குகள் உள்ளடங்கியிருக்க, அவற்றின் மேல் உடலின் வளைவையே தொடர்ந்து செல்லும் கண்ணாடி மூடி ஒன்று இருந்தது. அமெரிக்க விதிகளை முன்னிட்டு 1968 வாக்கில் அந்தக் கண்ணாடி போயிற்று. விளக்குகள் முன்னே தள்ளி வந்தன. ஒரே ஒரு கண்ணாடித் துண்டுதான். ஆனால் அந்த முகத்தில் இருந்த லாவண்யம் அதோடு குறைந்துவிட்டதை இரண்டு வண்டிகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர் எவரும் உணர்வார்கள்.

இன்று விதிகள் இன்னும் அதிகம். வண்டியின் முன்னால் அகப்பட்டுக்கொள்ளும் பாதசாரியின் தலை எஞ்சினில் மோதாதிருக்க, பானெட்டுக்கும் எஞ்சினுக்கும் நடுவே இடைவெளி வேண்டும். ஆகையால் பானெட் உயர்கிறது. பக்கத்திலிருந்து இடித்தால் தாங்க வேண்டும். ஆகையால் கதவு கனக்கிறது. வண்டி உருண்டாலும் கூரை நசுங்கலாகாது; ஆகையால் தூண்கள் தடிக்கின்றன. இவற்றில் எதையும் நான் குறை சொல்ல மாட்டேன். ஓர் உயிரைக் காப்பதற்காகத் தாழ்ந்த மூக்கை இழக்க நேர்ந்தால் இழக்கத்தான் வேண்டும்.

என் மனஸ்தாபமெல்லாம் அதற்குப் பிறகு நடப்பதைப் பற்றியதே. கதவுத் தகடு உயர்ந்து, கண்ணாடி குறுகியபின், பழைய 15 அங்குலச் சக்கரம் அந்தப் பெரிய உடலின் கீழே சூம்பிப்போனதாகத் தெரிகிறது. ஆகவே 20 அங்குலம் வரைக்கும் சக்கரத்தைப் பெருக்குகிறார்கள். அப்படியும் தகட்டின் பரப்பு வெறிச்சென்று இருப்பதாக அஞ்சி, அதன் குறுக்கே ஒரு மடிப்பு, அதை வெட்டிக்கொண்டு இன்னொரு மடிப்பு என்று போட்டுக்கொண்டே போகிறார்கள்; அச்சு ஒருமுறை செய்தாகிவிட்டால் பிரம்மாண்டமான அழுத்து யந்திரத்துக்கு ஒரு மடிப்பும் ஒன்பது மடிப்பும் ஒன்றுதானே! காற்றே நுழையாத கறுப்பு பிளாஸ்டிக் ஜாலிகளைக் காற்று வழிகளைப் போல் பதிக்கிறார்கள். ரேடியேட்டருக்காகப் பிறந்த முன்ஜாலி, அவ்வளவு குளிர்ச்சி தேவைப்படாத மின்சார வண்டியிலும் வாயை அகலத் திறந்து நிற்கிறது. எந்தச் சட்டம் இவற்றைக் கேட்டது? சந்தையில் நூறு வண்டிகளுக்கு நடுவே தன் வண்டி கண்ணில் படாமல் போய்விடுமோ என்ற பயம்தான் கேட்டது. டூரின் மார்க்கத்தின் உயிர்நிலையாக இருந்த அடக்கம் அந்தப் பயத்தின் முன் நிற்க முடியாமல் போயிற்று.

நிர்ப்பந்தம் அழகைக் கொல்லும் என்பதற்கு மறுப்பாக 1980 இல் வந்த ஃபியட் பாண்டா ஒன்றே போதும். ஜோர்ஜெட்டோ ஜுஜாரோ வரைந்த அந்த வண்டிக்கு விதிக்கப்பட்ட நிபந்தனை, மலிவாக இருக்க வேண்டும் என்பது. அவர் கண்ணாடிகளை எல்லாம் சமதளமாக்கினார், தகடுகளை நேராக்கினார், குழாய்ச் சட்டத்தில் துணியைக் கட்டி ஆசனமாக்கினார். சிக்கனத்தை மறைக்க ஒரு பூச்சும் பூசவில்லை. அன்றும் இன்றும் அதைப் பார்க்கையில் மனம் லேசாகிறது.

டூரின் பட்டறைகளின் பிற்காலச் சரித்திரம் சுருக்கமானது. பெர்டோனே 2014 இல் திவாலாயிற்று. ஜுஜாரோவின் இட்டால்டிசைன் 2010 இல் ஃபோக்ஸ்வாகன் கைக்குப் போயிற்று. பினின்ஃபரினாவை 2015 இல் நம் நாட்டு மஹிந்திரா குழுமம் வாங்க ஒப்பந்தமாயிற்று. நமக்கும் அந்த ஊருக்கும் அதற்கு முன்பே ஒரு பந்தம் இருந்தது: 1961 முதல் சென்னையில் உற்பத்தியான ஸ்டாண்டர்டு ஹெரால்டு, டூரின் நகரத்து ஜொவான்னி மிக்கெலோட்டியின் கோடுதான்.

1974 இல் டூரின் கண்காட்சியில் கொரியாவின் ஹூண்டாய், ஜுஜாரோவைக் கொண்டு வரைவித்த போனி கூபே என்ற வண்டியை வைத்தது. அது உற்பத்திக்கு வரவில்லை. அந்த முன்மாதிரி வண்டியும் பிற்பாடு காணாமற்போயிற்று. அதே ஸ்தாபனம், அதே ஜுஜாரோவை 84 ஆம் வயதில் மீண்டும் நாடி, அந்த வண்டியைப் புதிதாகக் கட்டுவித்து, 2023 மே மாதம் கோமோ ஏரிக்கரையில் ஜனங்களுக்குக் காட்டியது. 2021 இல் அவர்கள் வெளியிட்ட ஐயோனிக் 5 மின்சார வண்டியிலும் அந்தப் பழைய நேர்கோடுகளின் சாயல் நன்றாகத் தெரிகிறது. இக்காலத்து வண்டிகளில் நான் நின்று பார்க்கும் மிகச் சிலவற்றில் அது ஒன்று. அதன் கதவுகளின் மேல் குறுக்காக ஒரு மடிப்பை இழுத்திருக்கிறார்கள். அதை மட்டும் விட்டிருக்கலாம்.

(தொடரும்)