வாளி வைத்தால் போதாது: ஒழுகும் பொயிலரும் வாடகை வீடும்

கடந்த மார்கழியில் லண்டனில் மாமியின் வாடகை வீட்டுக்குப் போயிருந்தேன். குசினியில் பொயிலருக்குக் கீழே ஒரு வாளி. அதற்குள் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

"எவ்வளவு நாளா மாமி?"

"ஐப்பசியில இருந்து. வீட்டுக்காரருக்குச் சொல்லிப்போடாத தம்பி. வீட்டை விடச் சொன்னா எங்க போறது?"

கிளிநொச்சியிலிருந்து மாத்தளன் வரை கொட்டிலைப் பிரித்துப் பிரித்துக் கட்டியவர் அவர். அந்தப் பயத்தை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் பயத்தில் மறைத்த ஒழுக்கு ஆபத்தாக வளரும்.

பொயிலரின் முகப்பில் ஒரு அழுத்தமானி இருக்கும். குளிர்ந்திருக்கும்போது அதன் முள் 1 முதல் 1.5 பார் வரை நிற்க வேண்டும். முள் கீழே இறங்கினால் எங்கோ நீர் வெளியேறுகிறது. ஏறத்தாழ 3 பாரைத் தொட்டால் பாதுகாப்பு வால்வு திறந்து, வெளிச்சுவரில் உள்ள செப்புக் குழாயால் நீரை வெளியேற்றும். வெளியே வரும் பிளாஸ்டிக் குழாயில் நீர் சொட்டுவது மட்டும் வழமையானது. அது எரிவாயு எரியும்போது உருவாகும் ஒடுக்க நீர்.

மாமி தினமும் காலையில் நீர் நிரப்பும் வால்வைத் திறந்து முள்ளை மேலே ஏற்றி வந்திருக்கிறார். அதுதான் பிழை. ஒவ்வொரு முறையும் புதிய நீருடன் ஒட்சிசனும் உள்ளே போய், உள்ளிருக்கும் இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும்.

ஒழுக்கைக் கண்டால் செய்ய வேண்டியவை இவைதான். பொயிலரை நிறுத்துங்கள். மின் இணைப்புக்கு அருகே ஈரம் இருந்தால் அதைத் தொடாமல் மெயின் சுவிச்சை நிறுத்துங்கள். நீர் வேகமாக வந்தால், பெரும்பாலும் குசினி சிங்குக்குக் கீழே இருக்கும் பிரதான வால்வைப் பூட்டுங்கள். மூடியை நீங்கள் கழற்ற வேண்டாம். பிரித்தானியாவில் எரிவாயு வேலையை 'காஸ் சேஃப்' பதிவுள்ளவரே செய்யலாம். அவரின் அடையாள அட்டையைக் கேட்டுப் பாருங்கள். "தெரிந்த பெடியன்" போதாது. காஸ் மணத்தால் சுவிச் எதையும் தொடாமல் யன்னல்களைத் திறந்து, வெளியே வந்து 0800 111 999 இலக்கத்துக்கு அழையுங்கள். காபனோரொட்சைட்டுக்கு மணமே இல்லை. அதனால்தான் இங்கிலாந்தில் பொயிலர் உள்ள வாடகை அறைகளில் அதற்கான எச்சரிக்கைக் கருவி 2022 ஒக்டோபர் முதல் கட்டாயமாக இருக்கிறது.

இனிச் செலவு யாருடையது? இங்கிலாந்தில் 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின் 11ஆம் பிரிவுப்படி, ஏழு ஆண்டுகளுக்குக் குறைந்த வாடகை ஒப்பந்தங்களில் வெப்பமூட்டலையும் சுடுநீர் வசதியையும் பழுதுபார்ப்பது வீட்டுச் சொந்தக்காரரின் கடமை. ஆண்டுதோறும் எரிவாயுப் பாதுகாப்புப் பரிசோதனை செய்து, பத்திரத்தின் பிரதியையும் அவர் உங்களுக்குத் தர வேண்டும். முறைப்பாட்டைப் படத்துடனும் திகதியுடனும் எழுத்தில் அனுப்புங்கள். கோபத்தில் வாடகையை நிறுத்தாதீர்கள். அது உங்களுக்கு எதிராகவே திரும்பும். பதில் வராவிட்டால் உள்ளூராட்சி மன்றத்தின் வீடமைப்புப் பிரிவை நாடலாம்.

அன்றிரவு மாமியின் கைபேசியிலிருந்து நான்கு வரிகளும் இரண்டு படங்களும் அனுப்பினோம். மூன்றாம் நாள் திருத்துபவர் வந்தார். பம்பின் சீல் தேய்ந்திருந்தது. ஈரம் மின்சுற்றுப் பலகைக்கு விரலளவு தூரம் வரை போயிருந்தது. எச்சரிக்கைக் கருவியும் அன்றே பொருத்தப்பட்டது. வீட்டை விடச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

"ஐப்பசியிலயே சொல்லியிருக்கலாம் என்ன?" என்றார் மாமி, வாளியைக் கழுவிக் கவிழ்த்தபடி.

தனியாக இருக்கும் உங்கள் உறவினரிடம் இந்த வாரம் கேட்டுப் பாருங்கள்: பொயிலருக்குக் கீழே வாளி இருக்கிறதா?