பெட்டி சிவப்புக் காட்டினால் யன்னலைப் பூட்டலாமா?

மாளிகாவத்தைத் தொடர்மாடியில் மூன்றாம் மாடியிலுள்ள வீடொன்றுக்கு ஒரு மாலைப்பொழுது சென்றிருந்தோம். கட்டுக்கரைக் குளத்தின் கீழ் நெல் விளைவித்து வாழ்ந்த குடும்பம். போரில் இடம்பெயர்ந்து, பல இடம் மாறி, இப்போது ஓர் அறையும் குசினியுமாக இங்கே குடியிருக்கிறார்கள். பேரப்பிள்ளைக்கு ஏழு வயது, முட்டு வருத்தம். அவனுக்காகக் கனடாவிலுள்ள மாமன் காற்றை அளக்கும் சிறிய பெட்டியொன்றை அனுப்பியிருந்தார்.

நாம் போன நேரம் அது 140 என்று காட்டிச் சிவப்பாக எரிந்தது. யன்னல்கள் எல்லாம் பூட்டிக் கிடந்தன.

“வெளியில ரயில் யார்ட், அங்கால பஞ்சிகாவத்தை முழுக்க வாகனம். புகை உள்ளுக்கு வரக்கூடாதெண்டுதான் பூட்டினனாங்கள் பாதர்” என்றார் அம்மம்மா. பூட்டிய பிறகும் எண் ஏறிக்கொண்டே போயிற்று. கட்டிலுக்குக் கீழே நுளம்புத்திரி எரிந்துகொண்டிருந்தது. குசினியில் அப்போதுதான் மிளகாய் தாளித்து முடித்திருந்தார்கள்.

திரியை அணைத்து, எதிரெதிரான இரண்டு யன்னல்களைத் திறந்து வைத்தோம். கால் மணி நேரத்தில் எண் 40க்குக் கீழே வந்துவிட்டது. ஒரு நுளம்புத்திரி எரிந்து முடியும்போது விடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகள் விடுவதற்குச் சமம் என்று 2003இல் வெளியான ஆய்வொன்று கணக்கிட்டுள்ளது. டெங்கு உள்ள நகரில் திரியை விட்டுவிடுங்கள் என்று வெறுமனே சொல்லிவிட முடியாது. யன்னலுக்கு வலை அடித்தால் காற்றும் வரும், நுளம்பும் வராது என்று சொன்னோம். அடுத்த கிழமையே அடித்துவிட்டார்கள்.

இந்தப் பெட்டி எப்படி அளக்கிறது? உள்ளே ஒரு சின்ன விசிறி காற்றை இழுக்கிறது. அதன் குறுக்கே லேசர் ஒளி பாய்கிறது. துகள்களில் பட்டுச் சிதறும் ஒளியைக் கொண்டு பெட்டி ஒரு கணக்குப் போடுகிறது. பிஎம் 2.5 என்பது 2.5 மைக்ரோமீற்றரும் அதற்குச் சிறியதுமான துகள்கள். சுவாசப்பையின் ஆழம்வரை போகக்கூடியவை. ஒரு கன மீற்றர் காற்றில் 24 மணி நேரச் சராசரி 15 மைக்ரோகிராமுக்கு மேற்படக் கூடாது என்பது உலக சுகாதார ஸ்தாபனம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டல். இலங்கையில் 2008இல் வகுத்த நியமம் 50. இரண்டும் நாள் முழுவதுக்குமான சராசரி. தாளிக்கும்போது ஒரு நிமிடம் எண் குதிப்பதை வைத்துப் பயப்பட வேண்டாம். இறங்காமல் நின்றால்தான் யோசிக்க வேண்டும். சில பெட்டிகள் மைக்ரோகிராமைக் காட்டாமல், அதிலிருந்து கணக்கிட்ட சுட்டெண்ணைக் காட்டும். இரண்டும் ஒன்றல்ல. எதைக் காட்டுகிறது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

வைக்கும் இடமும் முக்கியம். முருங்கை மரத்தின் கீழே மழைமானி வைத்து மழையை அளப்பீர்களா? அதுபோலத்தான் இதுவும். அடுப்புக்கு மேலும் சாமிப்படத்துச் சாம்பிராணிக்குப் பக்கத்திலும் வைக்காமல், பிள்ளை படுக்கும் இடத்தில் மூச்சு விடும் உயரத்தில் வையுங்கள். காற்றுப் போகும் துளையில் தூசியோ சிலந்தி வலையோ இருந்தாலும் எண் பிழைக்கும். விடியற்புறம் ஈரப்பதன் 80 வீதத்துக்கு மேல் போகும்போது துகள்கள் நீரை உறிஞ்சிப் பருக்கும். பெட்டி உள்ளதைவிடக் கூட்டிக் காட்டும். மழைக்காலக் காலை எண்ணைக் கொஞ்சம் தள்ளியே நம்புங்கள்.

யன்னலைப் பூட்டுவது சரியான நாட்களும் உண்டு. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் வங்காள விரிகுடாவில் நின்றபோது இந்தியப் பக்கமிருந்து மாசுக் காற்று வந்து நாட்டின் மேல் தங்கியது. டிசம்பர் 9ஆம் திகதி அரச பாடசாலைகளை மூடினார்கள். வடக்குக் கிழக்கில் மாடு ஆடுகள் குளிரில் விறைத்துச் செத்த அதே நாட்கள்தாம். உங்களில் பலருக்கு மறந்திராது. உள்ளே ஒன்றும் எரியாமலே எண் ஏறி, யன்னலைத் திறந்தால் இன்னும் ஏறுமானால் அது வெளிக்காற்று. அப்போது பூட்டுங்கள்.

இனி அந்த வீட்டில் நடந்த பெரிய பிழைக்கு வருவோம். நாம் போவதற்கு இரண்டு கிழமை முன்னர் தொலைபேசித் திரையில் மூன்று நாள் பச்சை நிறமே நின்றதாம். “காத்து நல்லாயிருக்கு” என்று பிள்ளைக்கு வழமையாகக் காலையும் மாலையும் கொடுக்கும் பம்மை நிறுத்திவிட்டார்கள். மூன்றாம் இரவு முட்டு இழுத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டி வந்தது. பெட்டிக்கு இணைப்பே இருக்கவில்லை. திரை காட்டியது மூன்று நாளுக்கு முந்திய எண்.

அந்தப் பெட்டி மகனின் கையடக்கத் தொலைபேசி கொடுக்கும் இணைப்பில் ஓடியது. அவர் வேலைக்குப் போனால் இணைப்பும் கூடவே போய்விடும்; டேட்டா முடிந்தாலும் அப்படித்தான். ஆகவே எண்ணைப் பார்க்கும் முன் அதன் பக்கத்திலுள்ள நேரத்தைப் பாருங்கள். வீட்டில் றவுட்டர் இருந்தால், இத்தகைய பெட்டிகளில் பெரும்பாலானவை 2.4 கிகாஹேட்ஸ் வைஃபையை மட்டுமே பிடிக்கும் என்பதை நினைவில் வையுங்கள். 5 கிகாஹேட்ஸில் எத்தனை முறை முயன்றாலும் சேராது. கடவுச்சொல்லை மாற்றினால் பெட்டிக்கும் புதிதாகக் கொடுக்க வேண்டும். தொடர்மாடியில் கொங்கிறீற்றுச் சுவரும் அயலவர்களின் இருபது றவுட்டர்களும் இடைஞ்சல். பெட்டியை ஒரு சுவர் இப்பால் நகர்த்தினாலே சில வேளை சரிவரும். இணைப்பு இல்லாவிட்டாலும் பெட்டி அளந்துகொண்டுதான் இருக்கும். அதன் மேலுள்ள விளக்கு அந்த நேரத்து உண்மையைச் சொல்லும்.

பச்சையோ சிவப்போ, வைத்தியர் நாளாந்தம் போடச் சொன்ன பம்மை அவரைக் கேட்காமல் நிறுத்தக்கூடாது. இன்னொன்று: துகள் அளக்கும் பெட்டி காபன் மொனொக்சைட்டை அளக்காது. 2022இல் காஸ் இல்லாத மாதங்களில் பலர் கரியும் விறகும் வீட்டுக்குள் எரித்தார்கள். பூட்டிய அறையில் கரியடுப்பு எரியும்போது பெட்டி பச்சை காட்டினாலும் உயிருக்கு ஆபத்து.

நாம் புறப்படும்போது பிள்ளையிடம் ஒரு கொப்பியைக் கொடுத்து, நேரம், எண், அப்போது வீட்டில் என்ன நடந்தது என்று எழுதச் சொன்னோம். கிளினிக்குக்குப் போகும்போது அதையும் கொண்டு போகிறார்கள். முதற் பக்கத்தில் அவன் எழுதியிருந்தது: “காலை 6.20. 118. அம்மம்மா மிளகாய் பொரிச்சவ. யன்னல் பூட்டு.”