குதிகால் வெடிப்பும் சேற்றுப்புண்ணும்: வீட்டிலேயே செய்துகொள்ளத்தக்க பரிகாரங்கள்

கிராமத்தில் உழவு மாட்டின் காலுக்கு இருக்கும் மதிப்பு, அதன் பின்னால் நடக்கும் மனிதனுடைய காலுக்கு இருப்பதில்லை. காளை நொண்டினால் அன்றைக்கே வைத்தியம் தேடும் குடியானவர், தம் குதிகாலில் இரத்தம் கசியும் வெடிப்பு இருப்பதை மாதக்கணக்கில் பொருட்படுத்துவதில்லை. நடவு காலத்தில் ஒரு ஸ்திரீ சேற்றுப்புண்ணால் ஒரு வாரம் வயலில் இறங்க முடியாமற் போனால், அவ்வாரத்துக் கூலி போகிறது. கூலி போனால் சங்கத்தில் வாங்கிய கடனுக்குத் தவணை தவறுகிறது. தவணை தவறினால் அபராத வட்டி ஏறுகிறது. சங்கத்தின் பேரேட்டில் பாக்கித் தொகை எழுதப்படுமேயன்றி, அதற்குக் காரணமான புண் எழுதப்படுவதில்லை. ஆகவே பாதங்களைப் பேணுவது அலங்காரத்தைச் சேர்ந்த காரியமன்று. குடும்ப வரவு செலவைச் சேர்ந்த காரியமாகும்.

வெடிப்பு உண்டாகும் காரணம்

உள்ளங்காலின் தோல் மற்ற இடத்துத் தோலைவிடத் தடித்தது. அதில் வியர்வைச் சுரப்பிகள் உண்டு; எண்ணெய்ச் சுரப்பிகள் இல்லை. ஆதலால் அது எளிதில் உலர்ந்துவிடும். வெறுங்காலுடன் கரட்டிலும் வரப்பிலும் நடப்பதால் தோல் மேலும் தடித்துக் காய்ப்பு ஏறுகிறது. உடலின் பாரம் குதிகாலில் இறங்கும்போது உள்ளிருக்கும் சதை பக்கவாட்டில் பிதுங்குகின்றது. ஈரமுள்ள தோல் அதற்கு இசைந்து கொடுக்கும். உலர்ந்த தோலோ கோடை வயல் வெடிப்பதுபோல் வெடித்துவிடும். இதிலிருந்து பரிகாரமும் விளங்கும். தோலுக்குத் தேவையானது முதலில் தண்ணீர். பிறகு அத்தண்ணீரை வெளியே போகவிடாமல் தடுக்கும் எண்ணெய். உலர்ந்த காலில் எண்ணெயை மட்டும் தடவுவதால் முழுப்பயன் கிட்டாது.

1946-ஆம் வருஷத்தில் வேலூருக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் கைகால்கள் சிதைவதற்கு, உணர்ச்சியற்ற தோலில் அறியாமற் படும் காயங்களே பெரிதும் காரணமென்று விளக்கினார். அத்தகைய பாதங்களைக் காக்க இன்று நோயாளிகளுக்குக் கற்பிக்கப்படும் முறை ஊறவைத்தல், தேய்த்தல், எண்ணெயிடுதல் என்னும் மூன்று செயல்களில் அடங்கும். வெடிப்புக் காலுக்கும் இம்முறையே போதுமானது.

செய்யும் முறை

1. ஊறவைத்தல். இரவில் வேலை முடிந்தபின், அகன்ற பாத்திரத்தில் கணுக்கால் மூழ்குமளவு வெதுவெதுப்பான நீர் விட்டு, 15 முதல் 20 நிமிஷம் பாதங்களை ஊறவைக்க வேண்டும். வேப்பிலையும் கல்லுப்பும் சேர்ப்பது வழக்கம். சேர்க்கலாம், ஆனால் தோலை மிருதுவாக்குவது தண்ணீரே என்பதை மறக்கலாகாது. வெடிப்பில் எரிச்சல் உண்டானால் உப்பை விட்டுவிட வேண்டும்.

2. தேய்த்தல். அரிசி நொய்யை ஒன்றிரண்டாகப் பொடித்துச் சிறிது தயிரோ நல்லெண்ணெயோ விட்டுக் குழைத்துத் தேய்க்கலாம். முற்றி உலர்ந்த பீர்க்கங்கூடும், துறையிலுள்ள சொரசொரப்பான கல்லும் நல்ல சாதனங்கள். வாரத்தில் இருமுறை, காய்ப்பேறிய இடத்தில் மட்டும் மெல்லத் தேய்க்க வேண்டும். வாய்திறந்த வெடிப்பின்மேல் தேய்க்கலாகாது. கத்தியோ பிளேடோ கொண்டு தோலைச் சீவுவது அபாயகரமானது.

3. எண்ணெயிடுதல். காலைத் துடைத்த உடனே, சற்று ஈரம் இருக்கும்போதே விளக்கெண்ணெயோ தேங்காயெண்ணெயோ தடவிப் பழைய வேட்டித் துணியால் கட்டிக்கொண்டு படுக்க வேண்டும். எண்ணெய்க் காலுடன் நடந்தால் வழுக்குமாகையால் ஜாக்கிரதை தேவை.

தேன்மெழுகுக் களிம்பு

தேன்மெழுகு ஒரு பங்கு, எண்ணெய் நான்கு பங்கு எடுத்துக்கொள்க. எண்ணெயில் பாதி தேங்காயெண்ணெயும் பாதி விளக்கெண்ணெயுமாக இருக்கலாம். இவற்றை ஒரு கிண்ணத்திலிட்டு, அக்கிண்ணத்தைக் கொதிநீருள்ள பாத்திரத்தில் வைத்து உருக்க வேண்டும். நேராக அடுப்பில் வைத்தால் தீப்பற்றக்கூடும். உருகியதைத் துணியில் வடிகட்டி, ஈரமற்ற டப்பாவில் ஊற்றி ஆறவிட்டால் களிம்பாக உறையும். தண்ணீர் படாமல் வைத்திருந்தால் பல மாதம் கெடாது. தேனீ வளர்ப்புக்குப் பெயர்பெற்ற மார்த்தாண்டம் போன்ற இடங்களில் மெழுகு எளிதில் கிடைக்கும். சங்கங்கள் மெழுகையும் எண்ணெயையும் மொத்தமாக வாங்கிப் பங்கிட்டுக்கொண்டால் செலவு குறையும்.

சேற்றுப்புண்ணுக்கு வேறு வழி

இதைப் பலர் கவனிப்பதில்லை. வெடிப்புக்கு ஈரம் மருந்து. சேற்றுப்புண்ணுக்கு ஈரமே நோய். விரலிடுக்கு எந்நேரமும் நனைந்திருப்பதால் தோல் வெளுத்து அவிந்து, அதில் பூஞ்சைக் கிருமி பற்றுகிறது. ஆகவே இங்கு ஊறவைத்தல் கூடாது. கரையேறியவுடன் நல்ல நீரில் கழுவி, ஒவ்வோர் இடுக்கையும் துணியால் ஒற்றி உலர்த்த வேண்டும். அரைத்த மருதோன்றி இலையையோ, வேப்பெண்ணெயிற் குழைத்த மஞ்சளையோ பூசுவது நம் நாட்டு வழக்கம். மறுநாள் சேற்றில் இறங்குமுன் மேற்படி களிம்பை இடுக்குகளில் தடவிக்கொண்டால் நீர் எளிதில் ஊறாது. ஒரு வாரத்தில் குணப்படாவிடில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டிப் பூஞ்சைக்குரிய மருந்து பெறுக.

விலக்க வேண்டியவை

வெடிப்பில் சேராங்கொட்டையைச் சுட்டு வைத்தால் தோல் வெந்து கொப்புளிக்கும். சாணத்தை அப்புவதால் இரணஜன்னிக் கிருமி உட்புகலாம். அந்நோய் உயிரைக் கொள்வது. துருப்பிடித்த ஆணி குத்தினாலும் வெடிப்பு ஆழ்ந்து சீழ் வைத்தாலும் வைத்தியரிடம் சென்று தடுப்பூசியைப் பற்றிக் கேட்க வேண்டும். நீரிழிவுள்ளோருக்குக் காலில் சூடு தெரியாதிருக்கலாம். அவர்கள் நீரின் சூட்டை முழங்கையாலோ பிறரைக்கொண்டோ பார்த்தபின்பே காலை வைக்க வேண்டும். காலில் புண் இருந்தால் வீட்டு வைத்தியத்தை விடுத்து ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும்.

எவ்வளவு தேய்த்துக் கழுவினும், மலம் கலந்த ஈரமண்ணில் வெறுங்காலுடன் நடந்தால் கொக்கிப்புழு பாதத்தின் வழியே உட்புகுந்து சோகையை உண்டாக்கும். இதற்குக் கக்கூஸும் செருப்புமே காப்பு.

செலவு சில ரூபாய். நேரம் நாளொன்றுக்கு அரைமணி. அங்கத்தினர் தம் வீட்டில் இதைத் தொடங்கி, நடவுக்குச் செல்லும் ஸ்திரீகளுக்கு முதலில் கற்பிப்பாராக. வயலுக்கு நாள் தவறாமற் செல்லும் கால்களே தவணையையும் நாள் தவறாமற் கட்டும்.